உமியும் மரப்பட்டையும் நஞ்சு உலோகங்களும்: ஓர் ஐம்பதாண்டு ஆய்வின் வரலாறு



சுற்றுச்சூழல் வேதியியல் ஆய்விதழ்களைப் புரட்டுபவர் கண்ணில் ஒருவகைக் கட்டுரை அடிக்கடி படும். அதில் ஒரு கழிவுப்பொருள் இருக்கும். ஒரு நஞ்சு உலோகம் இருக்கும். அப்பொருள் அவ்வுலோகத்தைத் தண்ணீரிலிருந்து எத்தனை விழுக்காடு நீக்கியது என்ற கணக்கும் இருக்கும். உமி, கரும்புச் சக்கை, தென்னை நார்க் கழிவு, நிலக்கடலை ஓடு, வேப்பிலை, தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல், மரத்தூள், முட்டை ஓடு என வயலிலும் கொல்லையிலும் கிடக்கும் ஏறத்தாழ எதுவும் இவ்வாய்விலிருந்து தப்பியதில்லை. மறுபக்கத்தில் காரீயம், காட்மியம், நிக்கல், தாமிரம், குரோமியம், பாதரசம் ஆகியவை நிற்கும். முடிவுகள் பெரும்பாலும் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். இத்தகைய கட்டுரைகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் வெளிவந்துள்ளன. அவற்றில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பங்கு மிகப் பெரிது.

இத்துறையில் ஆய்வு செய்பவர்களிடம் வேதியியல் அறியாத நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. உமியே நஞ்சை எடுத்துவிடும் என்றால், கான்பூரில் கங்கைக் கரையிலுள்ள தோல் ஆலைகளின் கழிவுநீரும், சிறுநகரங்களின் மின்முலாம் பட்டறைகளிலிருந்து சாக்கடைக்குப் போகும் நீரும் ஏன் இன்னும் அப்படியே இருக்கின்றன? இது நியாயமான கேள்வி. இதற்கு விடை காண வேண்டுமானால் இத்துறை எங்கிருந்து வந்தது, எதை வென்றது, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

கரியும் மண்ணும்

முதலில் ஒரு சொல் விளக்கம். பஞ்சு நீரை உறிஞ்சும்போது நீர் அதன் உள்ளே புகுந்து நிறைகிறது. இதை உட்கவர்தல் என்கிறோம். ஒரு பொருளின் மேற்பரப்பில் மட்டும் மற்றொரு பொருள் வந்து ஒட்டிக்கொள்வதைப் பரப்புக் கவர்ச்சி என்கிறோம். ஒட்டவைத்துக்கொள்ளும் பொருளை இப்பதிவில் கவர்பொருள் என்று குறிப்பிடுகிறேன். நுண்துளைகள் நிறைந்த கிளர்வூட்டிய கரியின் ஒரு கிராமில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு அடங்கியிருக்கக் கூடும். இவ்வளவு பரப்பு ஒரு சிட்டிகைக்குள் இருப்பதே கரியின் ஆற்றலுக்குக் காரணம்.

கரி வாயுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை 1773இல் ஸ்வீடனின் ஷீலேயும், 1777இல் இத்தாலியின் ஃபொன்டானாவும் கண்டனர். 1785இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மருந்தாளுநராக இருந்த லோவிட்ஸ், கரைசலின் நிறத்தைக் கரி போக்கும் என்பதைக் காட்டினார். அடுத்த நூற்றாண்டில் சர்க்கரை ஆலைகள் இவ்வறிவைப் பற்றிக்கொண்டன. எலும்புக்கரி வழியே சர்க்கரைப் பாகு வெளுக்கப்பட்டது. இந்நிகழ்வுக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1881இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கைசர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

இதற்கு இணையாக மற்றொரு கதை மண்ணில் நடந்தது. 1850இல் இங்கிலாந்தில் தாம்ப்சன், வே என்னும் இருவர், எரு நீரை மண்ணின் வழியே ஊற்றினால் அமோனியா மண்ணில் தங்கிவிடுகிறது, அதற்கு ஈடாகச் சுண்ணாம்பு வெளியேறுகிறது என்று அறிவித்தனர். அயனிப் பரிமாற்றம் என்று பின்னர் பெயர் பெற்ற நிகழ்வு இது. நம் கதைக்குக் கரியைவிட இம்மண்ணே நெருங்கிய உறவு. உமியும் மரப்பட்டையும் உலோகத்தைப் பிடிப்பது பெரும்பாலும் இவ்வழியில்தான். தாவரச் செல்சுவரில் உள்ள பெக்டினிலும் லிக்னினிலும் டானினிலும் அமிலத் தன்மையுள்ள தொகுதிகள் இருக்கின்றன. அவற்றில் கால்சியமோ ஐதரஜனோ அமர்ந்திருக்கும். காரீய அயனி வந்தால் அவை இடம் விட்டு விலகும், காரீயம் அமரும். இது இருக்கை மாற்றம். எனவே இருக்கைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. வேறு யார் வந்தாலும் அவற்றுக்குப் போட்டி உண்டு. பின்னால் வரப்போகும் சிக்கல்கள் பலவும் இந்த ஒரு செய்தியிலேயே அடங்கியிருக்கின்றன.

போர்க்களத்தில் தேங்காய்ச் சிரட்டை

வேளாண் கழிவு ஒன்று நஞ்சைத் தடுக்கும் பணிக்குப் பேரளவில் திரட்டப்பட்டது முதல் உலகப் போரில். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதன்பின் முகமூடிகளுக்கு நல்ல கரி தேவைப்பட்டது. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து கிடைக்கும் கரி கெட்டியானது, நுண்துளைகள் மிக்கது. சிரட்டை போதாதபோது, 1918இல் அமெரிக்கப் பொதுமக்கள் பீச் பழக் கொட்டைகளையும் பருப்பு ஓடுகளையும் சேர்த்துக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஊர்தோறும் அதற்கெனப் பெட்டிகள் வைக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சியை வெறும் சுவைக்காகக் குறிப்பிடவில்லை. அங்கே கொட்டையைத் திரட்டுபவர், கரியாக்குபவர், முகமூடியில் நிரப்புபவர், செலவை ஏற்பவர் ஆகிய நால்வரும் யார் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. அமைதிக் காலத்தில், அழுக்கு நீரின் விஷயத்தில், இந்நால்வரும் யார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

அதே ஆண்டில் அமெரிக்காவின் லாங்மியூர், கண்ணாடி, மைக்கா, பிளாட்டினம் ஆகியவற்றின் சமதளப் பரப்பில் வாயுக்கள் ஒட்டுவதைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். பரப்பு வேதியியலுக்காக 1932இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடங்கள் யாவும் ஒரே தன்மையுடையவை, ஒட்டுவது ஒரே அடுக்கு என்பவை அவரது சமன்பாட்டின் அடிப்படை. இன்று அதே சமன்பாட்டை மரத்தூளின்மீது ஒட்டும் காட்மியத்துக்கும் பயன்படுத்துகிறோம். மரத்தூளில் எந்த இரு இடங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வரைபடத்தில் கோடு நேராக வந்துவிட்டால் போதும் என்ற மனநிலையில், கோட்டுக்குப் பின்னிருக்கும் எடுகோளை நாம் மறந்துபோகிறோம்.

1970கள்: அச்சம் தந்த ஆய்வு

உலோகங்களை நஞ்சாக உலகம் அஞ்சத் தொடங்கியது ஜப்பானின் துயரங்களுக்குப் பிறகு. மினமாட்டாவில் 1956இல் அடையாளம் காணப்பட்ட நோய்க்கு ஆலைக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசமும், டொயாமா மாவட்டத்தின் ஜின்சூ ஆற்றுப் படுகையில் எலும்பை நொறுக்கிய இடாய்-இடாய் நோய்க்குச் சுரங்கக் கழிவிலிருந்த காட்மியமும் காரணம் என்பதை ஜப்பானிய அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. உயிர்ப்பொருள் அழுக்கு காலப்போக்கில் சிதைந்து போகும். உலோகம் தனிமம், அதற்குச் சிதைவே இல்லை. ஓரிடத்திலிருந்து எடுத்தால் மற்றோரிடத்தில் வைத்தாக வேண்டும்.

அமெரிக்க வேளாண் துறையின் கலிஃபோர்னிய ஆய்வகத்தில் ஃப்ரீட்மன், வைஸ் இருவரும் 1972இல் பல்வேறு வேளாண் பொருள்கள் பாதரசத்தைப் பிடிக்கும் திறனை ஒப்பிட்டு எழுதினர். 1974இல் அங்கிருந்தே ராண்டலும் அவருடன் இருந்தோரும் மரப்பட்டையைக் கொண்டு கன உலோகங்களை நீக்கும் முறையை வெளியிட்டனர். டானின் மிகுந்த மரப்பட்டை அப்போது மர ஆலைகளுக்குச் சுமையாக இருந்தது. பச்சைப் பட்டையை நீரில் இட்டால் உலோகம் ஒட்டும்; ஆனால் டானின் கரைந்து நீரைப் பழுப்பாக்கும். அதைக் கட்டுப்படுத்த அவர்கள் ஃபார்மால்டிஹைடு கொண்டு பட்டையையும் நிலக்கடலையின் சிவப்புத் தோலையும் பதப்படுத்தினர். செலவில்லாத பொருளுக்கு முதல் செலவு அங்கேயே, தொடக்க ஆண்டுகளிலேயே சேர்ந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியா வந்த விதம்

இந்தியாவில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் இயற்றப்பட்டது. போபால் பேரழிவுக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகளின்படி, நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமையும், நிக்கல் 3 மில்லிகிராமையும், காரீயம் 0.1 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. சட்டம் எல்லை வகுத்தது. அவ்வெல்லைக்குள் வர உதவும் கிளர்வூட்டிய கரியும் அயனிப் பரிமாற்றப் பிசினும் சிறு பட்டறைகளின் கைக்கு எட்டாத விலையில் இருந்தன. இவ்விடைவெளியில்தான் இந்திய ஆய்வு பிறந்தது.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவனத்தில் பாண்டே, பிரசாத், சிங் மூவரும் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டு தாமிரத்தை நீக்கியதை 1985இல் வெளியிட்டனர்; இன்றும் எடுத்தாளப்படும் கட்டுரை அது. வொல்லாஸ்டனைட் என்னும் கனிமத்தையும் அவர்கள் பயன்படுத்தினர். ரூர்க்கியில் வி.கே. குப்தாவின் குழு கரும்புச் சக்கைச் சாம்பலையும், அலுமினிய ஆலையின் சிவப்புச் சேற்றையும் எடுத்துக்கொண்டது. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் நிலக்கடலை ஓட்டுக் கரி, தென்னை நார்க் கழிவுக் கரி ஆகியவற்றில் ஆண்டுக்கணக்காக உழைத்தனர். 2001இல் வந்த அவர்களது கட்டுரையொன்று, நார்க் கழிவுக் கரியை உண்மையான தொழிற்சாலைக் கழிவுநீரில் சோதித்துப் பார்த்தது. காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்துச் செய்யும் சோதனைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைத் துறை அறிந்தோர் அறிவர்.

இவர்கள் செய்த பணியைக் குறைத்து மதிப்பிட இயலாது. பெருங்கருவிகள் இல்லாத கல்லூரிகளிலும் செய்யத்தக்க ஆய்வு இது. குலுக்கி ஒன்று, சில குடுவைகள், அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் சில மணி நேரம் கிடைத்தால் போதும். சிறுநகர மாணவர் பலருக்கு ஆய்வுலகின் வாசலைத் திறந்தது உமியும் மரத்தூளும்தான். அந்த வாசல் நாளடைவில் வார்ப்புருவாக மாறியது. பொருளை மாற்று, உலோகத்தை மாற்று, அமிலத்தன்மையையும் நேரத்தையும் வெப்பத்தையும் மாற்றி வரைபடம் போடு, லாங்மியூர் சமன்பாட்டில் பொருத்து, கட்டுரை ஆயத்தம் என்றாயிற்று.

ஆய்வகத்துக்கு வெளியே கான்பூர்

எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987 செப்டம்பர் 22 அன்று கான்பூர் ஜாஜ்மாவ் பகுதியின் தோல் ஆலைகளைப் பற்றித் தீர்ப்பளித்தது. முதல்நிலைச் சுத்திகரிப்பு அமைக்காத ஆலைகள் இயங்கக் கூடாது என்றது. பணமில்லை என்ற வாதத்தை ஏற்கவில்லை. குறைந்தபட்சக் கூலி கொடுக்க இயலாத தொழிலுக்கு எப்படி இருக்க உரிமையில்லையோ அப்படித்தான் இதுவும் என்று ஒப்பிட்டது. கங்கைச் செயல்திட்டத்தின்கீழ், நெதர்லாந்து நாட்டின் ஒத்துழைப்புடன் 1994இல் அங்கே ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 90 லட்சம் லிட்டர் தோல் ஆலை நீரையும் 2 கோடியே 70 லட்சம் லிட்டர் ஊர்ச் சாக்கடை நீரையும் கலந்து, காற்றில்லா நிலையில் நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரிக்கும் ஏற்பாடு அது. நுண்ணுயிர்கள் கரிம அழுக்கைத் தின்னும், குரோமியத்தைத் தின்பதில்லை. அது சேற்றிலும், அந்நீர் பாய்ந்த வயல்களிலும் தங்கியது.

குரோமியத்தை அங்கே பிடிப்பதற்கு ஒரு வழி இருந்தது. பதனிடும் தொட்டியில் தோல் ஏற்றுக்கொள்வது குரோமியத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு; எஞ்சியது வடிநீரில் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் அளவில் போய்விடும். அவ்வடிநீரைத் தனியே பிரித்து மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் ஐதராக்சைடாகப் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் பதனிடப் பயன்படுத்தலாம். சென்னையில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையைப் பரப்ப உழைத்தது. தமிழ்நாட்டின் தோல் நகரங்களிலும் கான்பூரிலும் இத்தகைய மீட்பு நிலையங்கள் அமைந்தன. இங்கே உலோகம் செல்வமாகத் திரும்பி வருகிறது. இத்தனை அடர்ந்த நீரில் உமியைக் கொட்டுவதற்குப் பொருளே இல்லை. ஆனாலும் நம் கட்டுரைகளில் எத்தனையோ, தோல் ஆலைக் கழிவைப் பற்றிய முன்னுரையுடன் தொடங்கி, பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் போய் முடிகின்றன.

இவ்விரண்டும் வேறு வேறு. தோல் பதனிடப் பயன்படுவது மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள குரோமியம். டைகுரோமேட்டில் இருப்பது ஆறாம் நிலைக் குரோமியம். நீரில் எளிதில் கரைந்து ஓடுவது, புற்றுநோய் தரவல்லது. இது வருவது மின்முலாம் பட்டறைகளிலிருந்தும், தோல் பதனிடும் உப்பைக் குரோமியத் தாதுவிலிருந்து தயாரித்த ஆலைகள் விட்டுச்சென்ற கழிவுக் குவியல்களிலிருந்தும். கான்பூர் தேகாத் மாவட்டத்தின் ரானியா பகுதியிலும், நம் ராணிப்பேட்டையிலும் இத்தகைய குவியல்கள் மழைதோறும் நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய செய்தியை நாம் அறிவோம்.

அளவீட்டில் ஒளிந்திருந்த பிழை

ஆறாம் நிலைக் குரோமியம் நீரில் எதிர்மின் அயனியாக இருக்கிறது. அமிலம் மிகுந்த நீரில் உமியோ பட்டையோ நேர்மின்னேற்றம் பெறுகிறது. ஆகவே இரண்டும் ஈர்த்துக்கொள்கின்றன என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம். தென்கொரியாவின் டோங்ஹி பார்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2004 முதல் எழுதிய கட்டுரைகள் இதைக் கேள்விக்குள்ளாக்கின. எக்லோனியா என்னும் பழுப்புக் கடற்பாசியைக் கொண்டு அவர்கள் காட்டியது இது: அமில நீரில் தாவரப்பொருள் குரோமியத்துக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து அதை மூன்றாம் நிலைக்கு இறக்கிவிடுகிறது. இறங்கியதில் ஒரு பகுதி ஒட்டுகிறது. ஒரு பகுதி நீரிலேயே நிற்கிறது.

ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் டைபீனைல்கார்பசைடு ஆறாம் நிலைக் குரோமியத்துக்கு மட்டுமே ஊதா நிறம் காட்டும். அந்நிறம் மறைந்ததும் நூறு விழுக்காடு நீக்கம் என்று எழுதிவிடலாம். மொத்தக் குரோமியத்தை அளந்தால்தான் எவ்வளவு நீரில் மீந்துள்ளது என்பது தெரியும். மாற்றம் நல்லதுதான், மூன்றாம் நிலை தீங்கு குறைந்தது. ஆனால் மாற்றியதையும் நீக்கியதையும் ஒன்றென எண்ணினால், அவ்வெண்ணை நம்பித் தொட்டி கட்டுபவர் ஏமாறுவார்.

இதற்கு உறவான இன்னொரு மயக்கமும் உண்டு. நீரின் காரத்தன்மை ஏறினால் காரீயமும் தாமிரமும் தாமாகவே ஐதராக்சைடாகப் படியத் தொடங்கும். கவர்பொருளே இல்லாத குடுவை ஒன்றையும் உடன்வைத்து அளக்காவிட்டால், வெறும் வீழ்படிவு உமியின் கணக்கில் வரவு வைக்கப்படும்.

மலிவு என்பதன் கணக்கு

1999இல் அமெரிக்காவின் பெய்லியும் பிறரும் எழுதிய மதிப்பாய்வு, மலிவான கவர்பொருளுக்கு ஓர் இலக்கணம் வகுத்தது: பதப்படுத்தும் வேலை குறைவாக இருக்க வேண்டும், இயற்கையில் மிகுதியாகக் கிடைக்க வேண்டும் அல்லது வேறொரு தொழிலின் கழிவாக இருக்க வேண்டும். நல்ல இலக்கணம்தான். ஆனால் கழிவு என்பது காலத்தைப் பொறுத்தது. உமி இன்று கொதிகலன் எரிபொருள். அதற்குச் சந்தை விலை உண்டு. கரும்புச் சக்கை சர்க்கரை ஆலையிலேயே மின்சாரமாகிறது. அனல்மின் சாம்பல் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. சாலையோரம் குன்றுகளாகக் கிடந்த தென்னை நார்க் கழிவு, கட்டிகளாக அழுத்தப்பட்டுச் செடி வளர்க்கும் ஊடகமாகக் கப்பலேறுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய முன்னுரையை இன்றும் அப்படியே எழுதுவது சரியாகாது.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நிக்கல் முலாம் பட்டறை நாளொன்றுக்கு 10,000 லிட்டர் கழிவுநீரை விடுகிறது, அதில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நிக்கல் இருக்கிறது என்று கொள்வோம். நாளுக்கு அரைக் கிலோ நிக்கல். நம் கவர்பொருளின் ஒரு கிராம் நடைமுறையில் 10 மில்லிகிராம் பிடிக்கும் என்றால் நாளுக்கு 50 கிலோ பொருள் தேவை. ஆண்டுக்கு 300 வேலை நாள் எனில் 15 டன். அந்தப் 15 டன்னும் நிக்கல் ஏறிய நஞ்சுக் கழிவாக, ஈரத்துடன், பட்டறையின் பின்புறத்தில் நிற்கும்.

அதே நீரில் முதலில் சுண்ணாம்போ காரமோ இட்டு நிக்கலை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்துவிட்டால், மீதம் நாளுக்கு 30 கிராம் மட்டுமே. நீர்த்த கரைசலில் பிடிக்கும் திறன் பாதியாகக் குறைந்தாலும் நாளுக்கு 6 கிலோ பொருள் போதும்; ஆண்டுக்கு 2 டன்னுக்கும் குறைவு. சுண்ணாம்பில் படிந்த சேறும் நஞ்சுக் கழிவே என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதில் உலோகம் செறிந்திருக்கும், மீட்க முயலலாம். ஆகவே இயற்கைக் கவர்பொருளின் இடம் வரிசையின் கடைசி. சுண்ணாம்பு தன் வேலையை முடித்தபின் எஞ்சும் சிறு அளவை, சட்டத்தின் எல்லைக்கும் கீழே கொண்டுசெல்வது அதன் வேலை. அவ்விடத்தில் அது உண்மையிலேயே வலியது.

உலோகம் ஏறிய உமியை என்ன செய்வது? எரித்தால் உலோகம் சாம்பலிலும் புகையிலும் சேரும். வயலில் இட்டால் மண்ணுக்குத் திரும்பும். அமிலம் கொண்டு கழுவினால் உலோகம் சிறிதளவு நீரில் செறிந்து வரும். அதை வாங்கி மீட்க ஒருவர் வேண்டும். ஆபத்தான கழிவுகளைக் கையாள இந்தியாவில் 1989 முதல் விதிகள் உள்ளன. அவற்றின்படி உரிய இடத்துக்கு அனுப்பவும் பணம் வேண்டும். பொருளின் விலையாகக் கட்டுரையில் எழுதப்படும் சில ரூபாய்களில் இச்செலவு ஒன்றும் சேர்வதில்லை.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வொலெஸ்கி கடற்பாசிகளின் உலோகப் பிடிப்பை முறையான அறிவியலாக வளர்த்தார். அமெரிக்கச் சுரங்கப் பணியகம் கரிச்சதுப்பு முதலான உயிர்ப்பொருள்களை மணிகளாக்கிச் சுரங்க நீருக்குப் பயன்படுத்தியது. குளோரெல்லா என்னும் பாசியைச் சிலிக்காவில் பொதிந்த சரக்கும் சந்தைக்கு வந்தது. அறிவியல் தோற்கவில்லை, ஆனாலும் இவற்றில் எதுவும் பரவலான தொழிலாக நிலைபெறவில்லை. எத்தொகுதி வாங்கினாலும் ஒரே தரத்தில் கிடைக்கும் செயற்கைப் பிசினை ஆலைகள் நம்பின.

வங்கம் கற்றுத்தந்தது

இத்துறையின் முழுமையான பாடம் கழிவுநீரில் கிடைக்கவில்லை, குடிநீரில் கிடைத்தது. மேற்கு வங்கத்தில் குழாய்க் கிணற்று நீரால் வந்த ஆர்சனிக் நோயை 1983இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் மருத்துவர் கே.சி. சாஹா அடையாளம் கண்டார். அந்த ஆர்சனிக் ஆலையிலிருந்து வந்ததன்று, வண்டல் மண்ணிலிருந்து வந்தது. நீக்கும் வழி பரப்புக் கவர்ச்சியே. எனவே நமக்கு ஒப்பீடு பொருந்தும்.

அரசும் பல நிறுவனங்களும் அங்கே ஆர்சனிக் வடிகலன்களைக் கைக்குழாய்களில் பொருத்தின. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபாங்கர் சக்ரவர்த்தி குழு அவற்றுள் ஒரு தொகுதியைத் தொடர்ந்து கண்காணித்து, நம்பகத்தன்மை மோசம் என்று 2005இல் எழுதியது. பல கலன்கள் எல்லைக்கு மேற்பட்ட ஆர்சனிக்கைக் கசியவிட்டன, பராமரிப்பார் இல்லை.

அதே மாநிலத்தில், அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அருப் சென்குப்தாவும் ஷிப்பூர் வங்கப் பொறியியல் கல்லூரியினரும் 1997 முதல் கிளர்வூட்டிய அலுமினா நிரப்பிய கலன்களை ஊர்க் கிணறுகளில் அமைத்தனர். ஊர்க் குழு மாதக் கட்டணம் வசூலித்துக் கலனைப் பேணியது. நிறைந்த அலுமினா காரம் கொண்டு மீட்கப்பட்டு மறுபடி நிரப்பப்பட்டது. வெளிவந்த ஆர்சனிக் இரும்புடன் சேர்த்துப் படியவைக்கப்பட்டு, காற்றோட்டமுள்ள மணல் படுகையில் வைக்கப்பட்டது. காற்றில்லாத குப்பைமேட்டில் அது மறுபடி கரைந்துவிடும் என்ற வேதியியல் அறிவின்படி செய்த ஏற்பாடு அது. இப்பணிக்கு 2007இல் அமெரிக்காவின் கிரெய்ஞ்சர் வெள்ளிப் பரிசு கிடைத்தது. தங்கப் பரிசு, இரும்பும் மணலும் கரியும் செங்கல்துண்டும் கொண்ட சோனோ வடிகலனுக்காக வங்கதேசத்தில் பிறந்த அபுல் ஹுசாமுக்குச் சென்றது. கரக்பூர் ஐஐடியில் சிர்ஷேந்து டே குழு, நாட்டுச் செம்பாறாங்கல்லைப் பதப்படுத்தி அதே பணிக்குக் கொண்டுவந்தது.

தோற்ற கலன்களுக்கும் நின்ற கலன்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு வேதியியலில் இல்லை. கலனைப் பேணுபவர் யார், நிறைந்த பொருள் எங்கே போகிறது, செலவை யார் தருகிறார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் நின்ற கலன்களிடம் விடை இருந்தது.

இனி

கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை தெளியவைக்கும் என்பது சுசுருத சம்ஹிதையின் காலத்திலேயே இந்நாடு அறிந்த செய்தி. தேற்றாங்கொட்டை மண் துகள்களைத் திரளவைத்துப் படியச் செய்வது. வேதியியலில் அது வேறு வகை. ஆனால் அக்கொட்டையைப் பற்றி வடமொழியில் வழங்கிய பழைய உவமை ஒன்று நமக்கும் பொருந்தும்: அதன் பெயரை உச்சரிப்பதால் மட்டும் நீர் தெளிந்துவிடாது என்பது அதன் கருத்து. உரசிக் கலக்க ஒரு கை வேண்டும்.

இத்துறையில் ஆய்வைத் தொடங்கும் தம்பி தங்கையருக்கு நான் சொல்ல விரும்புவது சிலவே. இன்னொரு புதிய இலையைத் தேடுவதற்குமுன், அருகிலுள்ள ஒரு பட்டறையின் உண்மையான கழிவுநீரைக் கொண்டுவாருங்கள். அதில் கால்சியமும் சோப்பும் எண்ணெயும் இருக்கும். உங்கள் விழுக்காடு இறங்கும். இறங்கிய எண்ணையே வெளியிடுங்கள். குடுவையில் குலுக்குவதோடு நில்லாமல் நீரைத் தொடர்ச்சியாக ஓடவிடும் குழாய்த் தம்பத்திலும் சோதியுங்கள். கவர்பொருள் இல்லாத குடுவையை மறவாதீர்கள். குரோமியம் என்றால் மொத்தக் குரோமியத்தை அளவுங்கள். சுண்ணாம்போடு உங்கள் பொருளை ஒப்பிடுங்கள். நிறைந்த பொருளுக்கு என்ன நேரும் என்பதற்கு ஆய்வேட்டில் ஓர் இயலை ஒதுக்குங்கள்.

நெறியாளர்களும் இதழாசிரியர்களும் இதைக் கேட்கத் தொடங்கினால் கட்டுரைகளின் எண்ணிக்கை குறையக் கூடும். அதில் இழப்பு ஒன்றுமில்லை. மின்முலாம் தொட்டிக்கு அருகே வெறுங்கையுடன் நிற்கும் தொழிலாளிக்கும், அக்கழிவுநீர் பாயும் வயலில் கீரை பறிக்கும் பெண்ணுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். உமி உலோகத்தைப் பிடிக்கும் என்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. பிடித்த உலோகத்தோடு அந்த உமி எங்கே போகும் என்பதை எழுதும் பொறுப்பு நம் தலைமுறைக்கு வந்திருக்கிறது.